காணி உறுதி ஒருவர் பெயரில், உழைப்பு மற்றொருவருடையது: ஹட்டன் வியாபாரக் குடும்பமொன்றின் வாரிசுரிமை குறித்த நிகழ்வு ஆய்வு

இங்கே விவரிக்கப்படும் குடும்பம் தனியொரு குடும்பமன்று. மலையக நகரங்களில் கடை நடத்தும் குடும்பங்களில் அடிக்கடி காணப்படும் நிலைமைகள் ஒரே குடும்பத்தின் கதையாகத் தொகுக்கப்பட்டுள்ளன; அதனால் தொகைகள் விளக்கத்துக்கானவை. சட்டங்களும் வரி வீதங்களும் நடைமுறையில் உள்ளவை.

குடும்பமும் சொத்தும்

தந்தையார் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். இளமையில் மரக்கறி லொறியில் உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் சொந்தமாக லொறி வாங்கி, 1990களின் இறுதியில் ஹட்டன் நகரில் காணியுடன் கூடிய கட்டடமொன்றை வாங்கி ஹார்ட்வெயார் கடையைத் தொடங்கினார். 2021 ஒக்டோபரில் மாரடைப்பால் காலமானபோது அவருக்கு வயது 68. இறுதி விருப்பாவணம் (உயில்) எழுதப்பட்டிருக்கவில்லை. அதைப் பற்றி மூத்த மகன் ஒரு முறை பேச்செடுத்தபோது, "நான் இருக்கும்போதே பங்கு கேட்கிறாயா?" என்று தந்தையார் கேட்டதாகவும், அதன் பின்னர் வீட்டில் எவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றும் தாயார் கூறினார்.

கடைக் கட்டடமும் காணியும் சுமார் 4.5 கோடி ரூபா பெறுமதியானவை. அவற்றின் மீது 80 இலட்சம் ரூபா ஈட்டுக் கடன் (அடமானக் கடன்) இருந்தது. வாடகைக்கு விட்டிருந்த வீடொன்று 1.5 கோடி, குடியிருந்த வீடு 1.2 கோடி. கடையிலிருந்த சரக்கும் வெளியே கொடுத்திருந்த கடனும் சேர்ந்து, வங்கி மேலதிகப் பற்றும் (கணக்கிலிருந்த இருப்பைவிடக் கூடுதலாக எடுத்த பணம்) வழங்குநர்களுக்குச் செலுத்த வேண்டியதும் போக, ஏறத்தாழ ஒரு கோடி. எல்லாமே தந்தையாரின் தனிப்பெயரில் இருந்தன. கடையும் அவர் பெயரில் பதிவுசெய்யப்பட்ட தனியாள் வணிகமாகவே இருந்தது.

மூத்த மகன் க.பொ.த. உயர்தரம் எழுதியதிலிருந்து கடையில்தான் இருக்கிறார். அவருக்குச் சம்பளம் என்று எதுவும் இல்லை. தேவைக்கு மேசை இலாச்சியிலிருந்து எடுத்துக்கொள்வார். மகள் மணமுடித்து வத்தளையில் வசிக்கிறார். இளைய மகன் கனடாவில் குடியேறி அந்நாட்டுக் குடியுரிமை பெற்றவர். தாயாருக்கும் தந்தையாருக்கும் தோட்டத்துக் கோயிலில் தாலி கட்டித் திருமணம் நடந்தது. பதிவுத் திருமணம் நடக்கவில்லை.

முதல் வாரங்களில் நடந்தவை

வங்கிக்கு மரணச் செய்தி எட்டியதும் நடைமுறைக் கணக்கு நிறுத்தப்பட்டது. வாடிக்கையாளர் இறந்தார் என்று வங்கி அறிந்த கணத்திலிருந்து அவருடைய காசோலைகளுக்குப் பணம் கொடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லாமற் போகும் என்பது உண்டியல் கட்டளைச் சட்டத்தின் ஏற்பாடு. ஆனால் மலையகத்து ஹார்ட்வெயார் வியாபாரம் பிந்திய திகதியிட்ட காசோலையின் மீதே ஓடுகிறது. கொழும்பிலுள்ள சீமெந்து, இரும்பு வழங்குநர்களிடம் தந்தையார் கையொப்பமிட்டுக் கொடுத்திருந்த காசோலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பின. இருபது ஆண்டுகளில் சேர்த்த நம்பிக்கை சில வாரங்களில் கரைந்தது. கைக்காசுக்கு மட்டுமே சரக்கு என்று வழங்குநர்கள் சொன்னார்கள்.

கடையை மூடவும் முடியாது. ஆகவே மூத்த மகன் பிரதேச செயலகத்தில் தன் பெயரில் புதிய வணிகப் பெயரைப் பதிவுசெய்து, புதிய வங்கிக் கணக்கைத் திறந்து, அதே கட்டடத்தில் அதே சரக்குடன் வியாபாரத்தைத் தொடர்ந்தார். நல்ல நோக்கத்துடன் செய்த இந்தக் காரியமே குடும்பத்தில் முதல் பிளவை உண்டாக்கியது. வத்தளையிலிருந்து வந்த தங்கை கடை முகப்பில் புதிய பெயர்ப் பலகையைக் கண்டார். இறந்தவரின் சொத்து எல்லோருக்கும் உரியதாக இருக்கையில், நீதிமன்ற அதிகாரம் பெறாத ஒருவர் அதன் சரக்கைத் தன் கணக்கில் விற்கிறார் என்று அவருடைய சட்டத்தரணி எழுதிய கடிதத்தில் சட்டப்படி பிழை ஏதும் இல்லை. அண்ணன் செய்தது களவுமல்ல. அவருக்கு அந்த நேரத்தில் வேறு வழி இருக்கவில்லை என்பதே என் கணிப்பு. அந்த வழியைத் திறந்து வைத்திருக்க வேண்டியவர் தந்தையார்.

எந்தச் சட்டம், யாருக்கு எவ்வளவு

குடும்பத்துக்குள் மூன்று கருத்துகள் நிலவின. கடையில் உழைத்தவருக்கே கடை என்றார் மூத்தவர். சீதனம் வாங்கிய மகளுக்குப் பங்கு இல்லை என்றார் ஒரு மாமா. எல்லாம் தாய்க்கே என்றார் இன்னொருவர். மூன்றும் தவறு.

இந்திய வம்சாவளி மலையகத் தமிழருக்குப் பொதுச் சட்டமே பொருந்தும். தேசவழமை வட மாகாணத்தைச் சேர்ந்த தமிழருக்கான ஆட்சார்ந்த சட்டம்; யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ தலைமுறையாகக் கடை நடத்தும் குடும்பத்தை அது இங்கும் தொடர்ந்து வரலாம். ஆகவே ஒரே தெருவில் அடுத்தடுத்த இரண்டு தமிழ்க் கடைகளின் வாரிசுரிமை வேறு வேறு விதிகளின்படி அமையலாம். மாமா சொன்ன சீதனக் கருத்து தேசவழமையின் பழைய வழக்கிலிருந்து கேள்விப்பட்டதாக இருக்க வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு அது பொருந்தாது.

பொதுச் சட்டத்தின் கீழ், 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள் மற்றும் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டப்படி, விருப்பாவணமின்றி இறந்தவரின் சொத்தில் பாதி உயிருடனிருக்கும் வாழ்க்கைத் துணைக்கும் மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். ஆண், பெண், உழைத்தவர், வெளிநாட்டில் இருப்பவர் என்ற வேறுபாடு கிடையாது. இளைய மகன் அந்நிய நாட்டுக் குடிமகன் என்பதும் தடையாகவில்லை: வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், வாரிசுரிமையாக நெருங்கிய உறவினரைச் சென்றடையும் காணியை விலக்கி வைத்துள்ளது. கடன் போக மொத்தச் சொத்து 7.4 கோடி, தாயாருக்கு 3.7 கோடி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சுமார் 1.23 கோடி. பதினாறு ஆண்டுகள் கடையைத் தூக்கி நிறுத்திய மகனின் கையில் சட்டம் கொடுத்தது ஆறில் ஒரு பங்கு.

மாறாக, விருப்பாவணம் எழுதுபவருக்கு இலங்கைச் சட்டம் தரும் சுதந்திரம் மிகப் பெரியது. 1844ஆம் ஆண்டின் விருப்பாவணக் கட்டளைச் சட்டத்துக்குப் பின்னர், பொதுச் சட்டத்தின் கீழ் வாழ்பவர் தன் சொத்து முழுவதையும் விரும்பியவருக்கு விரும்பிய விதத்தில் விட்டுச் செல்லலாம். நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்பாக, அல்லது நொத்தாரிசு இன்றி ஐந்து சாட்சிகளுக்கு முன்பாகக் கையொப்பமிட்டால் போதும். ஒரு மாலைப் பொழுதின் வேலை அது.

பெயர்கள், திருமணம், வழக்கு

ஆதனத்தின் பெறுமதி 40 இலட்சம் ரூபாவை எட்டினால் நீதிமன்றத்தின் நிர்வாகக் கடிதம் (இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க ஒருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) இன்றி அதைக் கைமாற்ற முடியாது. இன்றைய காணி விலையில் மலையக நகரமொன்றில் சிறு கடை வைத்திருப்பவரும் அந்த எல்லையைத் தாண்டிவிடுவார். ஆகவே மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு (அந்த அதிகாரத்தைக் கோரும் வழக்கு) தாக்கல் செய்யப்பட்டது. சாதாரணமாக ஓராண்டுக்குள் முடியக்கூடிய வழக்கு இரண்டு ஆண்டுகளைக் கடந்ததற்குக் காரணம் சகோதரச் சண்டை மட்டுமன்று. ஆவணங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

தந்தையாரின் பெயர் பிரஜாவுரிமைச் சான்றிதழில் ஒரு விதமாகவும், தேசிய அடையாள அட்டையில் வேறு விதமாகவும், கடை உறுதியில் இன்னொரு விதமாகவும் இருந்தது. மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் தோட்டத்தில் வழங்கிய செல்லப்பெயரே தந்தையின் பெயராகப் பதியப்பட்டிருந்தது. இது ஒரு குடும்பத்தின் கவனக்குறைவு அல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியாகப் பகுதி பகுதியாகப் பதியப்பட்டு, எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்த ஒரு சமூகத்தின் பெயர்கள், அவர்கள் மொழியறியாத எழுதுநர்களின் கையால் எழுதப்பட்டன. அந்தப் பிழைகளின் செலவை இன்று பேரப்பிள்ளைகள் சத்தியக் கடதாசிகளாகவும் பதிவுத் திருத்த விண்ணப்பங்களாகவும் கட்டுகிறார்கள்.

தாயாரின் நிலை இன்னும் வேதனையானது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உடன் வாழ்ந்தவர், தான் மனைவிதான் என்பதை நிரூபிக்க வேண்டியிருந்தது. பதிவு இல்லாததால் மட்டும் திருமணம் செல்லாததாகிவிடாது. வழக்காற்றுச் சடங்கும், கணவன் மனைவியாக ஊரறிய வாழ்ந்ததும் சட்டத்தில் ஏற்கப்படும். ஆனால் சடங்கை நடத்திய பூசகர் இறந்துவிட்டார். சாட்சிகளில் இருவர் 1970களின் இறுதியில் தமிழ்நாட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். கடைசியில் முன்னாள் தோட்ட எழுதுவினைஞர் ஒருவரின் சத்தியக் கடதாசியும் பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகளும் போதுமானவையாகின. திருமணத்தைப் பதிவாளரிடம் பதிந்து வைக்க வேண்டும் என்று அந்தக் குடும்பத்தில் எவரும் எண்ணியிருக்கவில்லை.

தாமதத்தின் விலை

வழக்கு நிலுவையில் இருந்த காலம் நாட்டின் பொருளாதாரம் சரிந்த காலம். 2022 மார்ச்சில் ரூபா மிதக்க விடப்பட்டது. சில வாரங்களில் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைத் தாண்டியது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. மாறும் வட்டியில் இருந்த 80 இலட்சம் ரூபாக் கடனுக்கு 11 சதவீதத்தில் ஆண்டுக்கு 8.8 இலட்சமாக இருந்த வட்டி, 25 சதவீதத்தில் 20 இலட்சமானது. அயற்கடைக்காரர்கள் வங்கிக்குச் சென்று தவணையை மாற்றியமைத்துக்கொண்டார்கள். இந்தக் கடையின் கடனாளி இறந்துவிட்டார், நிர்வாகி நியமிக்கப்படவில்லை, பேசுவதற்கும் கையொப்பமிடுவதற்கும் சட்டப்படி எவரும் இல்லை. பழைய விலையில் விற்ற சரக்கை இரட்டிப்பு விலையில் மீண்டும் வாங்க வேண்டியிருந்தபோது, மேலதிகப் பற்றைக் கூட்டவும் வழியில்லை.

இன்னொரு இழப்பு சத்தமில்லாமல் நேர்ந்தது. வெளியே கொடுத்த கடன் 60 இலட்சத்துக்கு மேல். பெரும்பாலும் கட்டட ஒப்பந்தகாரர்களுக்கும் லொறிக்காரர்களுக்கும் கொடுத்தது. பதிவு தந்தையாரின் கொப்பியில், அவர் மட்டுமே அறிந்த சுருக்கெழுத்தில். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவதிக் கட்டளைச் சட்டப்படி, விற்று ஒப்படைத்த பொருட்களுக்கான கடைக் கடனை ஓராண்டுக்குள் வழக்கிட்டுக் கோர வேண்டும். நிர்வாகக் கடிதம் வந்தபோது அந்தக் கொப்பியின் பெரும்பகுதி காலாவதியாகியிருந்தது. மரியாதைக்காகக் கொடுத்தவர்கள் கொடுத்தார்கள்.

வரியின் பங்கு எவ்வளவு

மரண வரியை நினைத்தே பல வியாபாரிகள் உறுதி எழுதாமலும், எழுதினால் பெறுமதியைக் குறைத்து எழுதியும் வருகிறார்கள். இலங்கையில் மரணச் சொத்து வரி 1980களில் நீக்கப்பட்டது. மரணத்தின் வழியாகச் சொத்து கைமாறும்போது இன்று அப்படியொரு வரி எழுவதில்லை. ஆனால் 2023 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற சர்வதேச நாணய நிதியத் திட்டத்தின் கீழ் அரசு அளித்த வரி வாக்குறுதிகளில் நன்கொடை மற்றும் வாரிசுரிமை வரியும் இடம்பெற்றிருந்தது. ஆகவே அது திரும்பி வராது என்று கருதித் திட்டமிடுவது சரியல்ல.

தந்தையார் உயிருடன் இருக்கும்போதே கடைக் காணியை நன்கொடை உறுதியால் கொடுத்திருந்தால், மாகாண முத்திரை வரி முதல் 50,000 ரூபாவுக்கு 3 சதவீதமும் மீதிக்கு 2 சதவீதமும்: 4.5 கோடிக்கு 9,00,500 ரூபா. விற்பனை உறுதியாக எழுதியிருந்தால் முதல் 1,00,000 ரூபாவுக்கு 3 சதவீதமும் மீதிக்கு 4 சதவீதமும்: 17,99,000 ரூபா. பிள்ளைக்கு எழுதும்போது விற்பனையாகக் காட்டுவது எவ்வளவு வீண் என்பது இதிலேயே விளங்கும். நன்கொடையில் சந்தை விலையின் அடிப்படையில் மூலதன ஆதாய வரியும் எழக்கூடும் என்பதால், உறுதி எழுதும் முன்னர் கணக்காளரிடம் கேட்பது அவசியம்.

அந்த வரியைப் பற்றி ஒரு கணக்கு. வாடகை வீட்டைத் தந்தையார் வெளியாருக்கு விற்றிருந்தால், 2017 செப்டெம்பர் 30க்கு முன்னர் வாங்கிய சொத்து என்பதால் அன்றைய சந்தைப் பெறுமதியே அதன் அடக்கவிலையாகும். அது 90 இலட்சமாகவும் விற்பனை விலை 1.5 கோடியாகவும் இருந்தால் ஆதாயம் 60 இலட்சம். தனியாளுக்கு அப்போது இருந்த 10 சதவீதத்தில் 6 இலட்சம். 2025 ஏப்ரல் 1 முதல் உயர்த்தப்பட்ட 15 சதவீதத்தில் 9 இலட்சம். 2017ஆம் ஆண்டுப் பெறுமதியை உறுதிசெய்யும் மதிப்பீட்டாளர் அறிக்கை கோப்பில் இருந்தால் இது எளிய கணக்கு. அது இல்லாதவர்கள், அந்த ஆண்டின் விலையை அறிந்த மதிப்பீட்டாளர்கள் இருக்கும்போதே அதைப் பெற்று வைக்க வேண்டும்.

இத்தொகைகளை மேலே கண்ட வட்டி, காலாவதியான கடன், இழந்த வழங்குநர் நம்பிக்கை ஆகியவற்றோடு ஒப்பிட்டால், வரியைவிடப் பல மடங்கு கொடுத்தது தாமதத்துக்கே என்பது தெரியும். என் அனுபவத்தில் மலையக வியாபாரக் குடும்பங்களின் வாரிசுத் திட்டம் வரியிலிருந்து தொடங்கினால் வழி தவறுகிறது, "நாளை காலை காசோலையில் யார் கையொப்பமிடுவார்?" என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

தந்தையார் செய்திருக்கக்கூடியவை

அவருடைய அச்சம் நியாயமற்றதன்று. எழுதிக் கொடுத்த பின்னர் பிள்ளைகளின் வாசலில் நின்ற பெற்றோரை அவர் கண்டிருக்கிறார். திரும்பப் பெற முடியாத நன்கொடையைக் கடும் நன்றிகேட்டின் காரணமாக நீதிமன்றத்தின் மூலம் ரத்துச்செய்ய 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழி தருகிறது. ஆனால் முதுமையில் பிள்ளையின் மேல் வழக்குப் போடுவது எவருக்கும் பாதுகாப்பல்ல. தனக்கும் மனைவிக்கும் சீவிய உரித்தை (வாழும்வரை அனுபவிக்கும் உரிமையை) ஒதுக்கிக்கொண்டு எழுதிய நன்கொடையோ, எந்நேரமும் மாற்றத்தக்க விருப்பாவணமோ அந்த அச்சத்துக்குப் போதிய விடையாக இருந்திருக்கும்.

மூத்த மகனுக்கு மாதச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும் என்பதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கிறேன். வருமான வரியில் தனியாளின் உயர்ந்த படி 36 சதவீதம். ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை ஒவ்வொருவருக்கும் தனித்தனி விலக்கு உண்டு. மகனின் நியாயமான சம்பளம் தந்தையின் இலாபத்திலிருந்து கழிந்து, மகனின் விலக்குக்குள் பெருமளவு அடங்கியிருக்கும். முதலாளியின் 12 சதவீதமும் ஊழியரின் 8 சதவீதமுமாக ஊழியர் சேமலாப நிதி பதினாறு ஆண்டுகள் சேர்ந்திருக்கும். அதையும்விட முக்கியம்: தன் உழைப்புக்குக் கூலி பெற்ற மகன், தந்தையின் மரணத்துக்குப் பின்னர் அந்தக் கூலியைத் தங்கையின் பங்கிலிருந்து எதிர்பார்த்திருக்க மாட்டார்.

தீர்வு

2024இன் தொடக்கத்தில் நிர்வாகக் கடிதம் தாயாருக்குக் கிடைத்தது. அதன் பின்னர் மூன்று பிள்ளைகளும், கனடாவிலிருந்தவர் பதிவுசெய்யப்பட்ட அற்றோணித் தத்துவத்தின் (தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரத்தின்) மூலமும், ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். வாடகை வீடு மகளுக்கு. பங்கைவிடக் கூடிய 27 இலட்சத்தைத் தாயார் தன் பங்கிலிருந்து விட்டுக்கொடுத்தார். குடியிருக்கும் வீடு தாயாரின் சீவிய உரித்துடன் இளைய மகனுக்கு. சரக்கும் வியாபாரமும், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிந்த தனியார் கம்பனிக்கு மாற்றப்பட்டு, அதன் பங்குகள் மூத்த மகனிடம் வந்தன. கடைக் காணியைக் கம்பனிக்குள் சேர்க்கவில்லை. அது தாயாரிடமும் மூத்த மகனிடமும் இருக்க, கம்பனி 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து மாத வாடகை செலுத்துகிறது. குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட்டுக் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டது.

கம்பனியால் வரி குறையும் என்று சிலர் நம்புவது சரியல்ல. நூறு ரூபா இலாபத்தில் 30 ரூபா கம்பனி வரி. மீதி 70 ரூபாவைப் பங்கிலாபமாக எடுத்தால் அதில் 15 சதவீதம், அதாவது 10.50 ரூபா; மொத்தம் 40.50 ரூபா. தனியாளின் உச்ச வீதத்தைவிட அது அதிகம். பணிப்பாளர் சம்பளமும் வாடகையும் செலவாகக் கழிவதால் நடைமுறையில் சுமை குறைகிறது. ஆனாலும் கம்பனியைத் தேர்ந்ததன் காரணம் வேறு: பணிப்பாளர் ஒருவர் இறந்தாலும் கம்பனி இறப்பதில்லை. அதன் கணக்கில் இப்போது மூத்த மகனும் அவருடைய மனைவியும் தனித்தனியே கையொப்பமிடும் அதிகாரம் பெற்றிருக்கிறார்கள்.

தாயார் தன் விருப்பாவணத்தில் கடைக் காணியின் தன் பங்கை மூன்று பிள்ளைகளுக்கும் சமமாக எழுதியிருக்கிறார். கூட்டுரிமை மீண்டும் வரும் என்று நான் தயங்கினேன். 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டப்படி, பிரிக்க முடியாத கட்டடம் ஏலத்துக்குப் போகலாம். ஆனால் பதிந்த குத்தகை நிலைத்திருக்கும் வரை வியாபாரம் அந்த இடத்திலிருந்து அசையாது, மற்ற இருவருக்கும் வாடகை வருமானம் தொடரும் என்ற தாயாரின் முடிவு, நடத்துபவரையும் உரிமையாளரையும் பிரித்து வைப்பதால், ஏற்கத்தக்கதே.

தீராத ஒரு விடயம் எஞ்சியுள்ளது. தந்தையார் 2008இல் நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு ஏக்கர் தேயிலைக் காணியை வெறும் கடதாசி உடன்படிக்கையில் பணம் கொடுத்துப் பெற்று, மறுநடுகை செய்து, தொழிற்சாலைக்குக் கொழுந்தும் கொடுத்துவந்தார். அது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வேறொருவருக்கு வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. அரச அதிகாரியின் அனுமதியின்றி அதைக் கைமாற்றியது செல்லாது. அதை விருப்பாவணத்தில் எழுதவும் முடியாது. அனுமதிப்பத்திரக்காரர் பெயர் குறித்த பின்னுரித்தாளரே அதைப் பெறுவார். அந்தப் பின்னுரித்தாளர் இப்போது காணியைக் கேட்கிறார். கொடுத்த பணத்தையும் நட்ட செடிகளின் பெறுமதியையும் ஓரளவாவது மீட்க முடியுமா என்பது குறித்துப் பிரதேச செயலகத்தில் பேச்சு நடக்கிறது. அந்த இரண்டு ஏக்கரும் ஆதனப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை.